அணைக்கக் கூடாத கணினி

ஜனவரி 27, திங்கள்

லேபில் பெரிய கணினி எதையும் சேமிக்க மாட்டேன் என்கிறது. இடம் தீர்ந்துவிட்டதாம். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள். யாரோ சினிமாப் படம் படமாக இறக்கி நிரப்பிவிட்டதாக ஈஸ்வரபாண்டி சார் வகுப்பில் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். மதியத்தில் லேப் சாவி என்னிடம்தான் இருக்கும். அதை வாங்கிக்கொண்டார்.

நான் படம் இறக்கவில்லை. ஆனால் –

அம்மா புரண்டு படுக்கிறாள். போதும்.

ஜனவரி 28

நேற்று எழுதாமல் விட்டது இதுதான். மூன்று வாரம் முன்னால், ஆளில்லாத நேரத்தில், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றை இரு பக்கமும் அந்தக் கணினியில் ஸ்கேன் செய்தேன். சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம். வீட்டில் சொல்லவில்லை. அப்பா தேனிக்குப் போவதையே வெளியூர்ப் பயணம் என்பவர்.

யார் செய்தது என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் சார் அப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிடுவாராம். அதற்குள் சார் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தால்? என் சான்று அங்கே எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால்?

ஜனவரி 29

பக்கத்து இருக்கை நிலோபரிடம் பாதி சொன்னேன். படப் பழியை மட்டும். சாரிடம் அனுமதி கேட்டு மதியம் லேபைத் திறந்தாள். எந்த ஃபோல்டர் பெரியது என்று ஒரு வரிக் கட்டளை அடித்துக் கேட்டாள், லினக்ஸ் பட்டியல் போட்டது. படம் ஒன்றுகூட இல்லை. அடைத்துக் கிடந்தது டெம்ப் ஃபோல்டர். புரோகிராம்கள் வேலை நடக்கும்போது கிறுக்கிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டிய இடம் அது. நானூற்றுப் பத்து கோப்புகள், ஒவ்வொன்றும் நூறு எம்பி.

கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் அது காலியாகிவிடும். ஆனால் திரைக்கு மேலே சார் ஒட்டிய தாள்: ‘யாரும் அணைக்கக் கூடாது’. போன வருஷம் மின்வெட்டில் அணைந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பயம். மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் சுவிட்சுக்குக் கை நீட்டினேன். நிலோபர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கிறுக்கச்சி. அணைச்சா அம்புட்டும் போயிரும். நீ பண்ணலங்கிறதுக்கு இருக்கிற ஒரே சாட்சி இதுதான்."

போகட்டும் என்றுதானே நீட்டினேன். அதை எப்படிச் சொல்வேன்?

ஜனவரி 30

அவளைப் போல இருக்க எனக்கு வராது. யார் மேலும் சந்தேகமில்லை, அவசரமில்லை. எல்லாப் புரோகிராமையும் மூடினாள். கோப்புகளை எண்ணினாள். பிறகு ஒன்றைத் திறப்பாள், வேலை பார்ப்பாள், மூடுவாள், மறுபடி எண்ணுவாள். பைத்தானில் எண்ணிக்கை மாறவில்லை. கடிதம் அடிக்கும் ரைட்டரில் ஒன்று கூடியது, மூடியதும் போய்விட்டது. "மரியாதையான பிள்ளை," என்று அதற்குப் பாராட்டு வேறு. ஸ்கேன் புரோகிராமில் ஒன்று கூடியது. மூடினாள். அது அங்கேயே இருந்தது.

அப்புறம் பட்டியலை நேரப்படி வரிசைப்படுத்தினாள். எல்லாமே மாலை நாலு மணிக்கு மேல். இரண்டு மட்டும் மதியம் ஒன்றேகால்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். திறக்கவில்லை. ஒரு தட்டு தட்டினால் போதும், திறக்கவே இல்லை.

அழுதுகொண்டே முழுதும் சொன்னேன்.

"உங்கப்பாட்ட கேட்டியா?"

"வேணாம்பாரு."

"கேட்டுப் பாத்தியாடீ?"

"இல்ல."

"பெறகு எப்படித் தெரியும்? நீயும் சார் மாதிரியே பேசுற, முனீஸ்."

ஜனவரி 31, வெள்ளி

சாரை ஸ்கேனரில் கை வைக்கச் சொன்னாள் நிலோபர். வைத்தார். புரோகிராமை மூடிவிட்டு, டெம்பில் புதிதாக வந்த கோப்பைத் திறந்தாள். திரை முழுக்க சாரின் உள்ளங்கை, மோதிரத்தோடு. மாணவர் ஆவணங்களை எல்லாம் மாலை மாலை ஸ்கேன் செய்தது அவர்தான்.

"அப்ப நாந்தானா?" என்றார்.

"நீங்க இல்ல சார். அந்தப் புரோகிராம் குப்பையக் கூட்டாமப் போகுது."

பழைய கோப்புகளைத் திறக்கவா என்று சார் கேட்டபோது நான் நிலோபரைப் பார்த்தேன். எல்லாம் பிள்ளைகளின் ஆதார், சான்றிதழ், திறப்பது சரியில்லை என்றாள். பொய்யும் இல்லை. சாரே தாளைக் கிழித்துவிட்டுக் கணினியை அணைத்தார். மறுபடி போட்டார். எழுந்துவிட்டது. டெம்ப் காலி.

சார் சாவியை என் கையில் வைத்தார்.

என் இரண்டும் போய்விட்டன. இனி யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் கேட்டது உள்ளே கிடக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கேட்கலாம் என்று இரண்டு தடவை தோட்டத்துக்கு, அப்பா நின்ற பந்தலுக்குக் கீழே போனேன். இரண்டு தடவையும் திராட்சை தின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4. மதியம், லேபில்

நேற்று கொடிக்கு மருந்தடித்துவிட்டு வந்த அப்பாவிடம் கல்லூரிப் படிவத்தை நீட்டிவிட்டேன். ரொம்ப நேரம் படித்தார். "மெட்ராஸா... அங்கன தண்ணி உப்பா இருக்குமே," என்றார். பிறகு, "இதக் கேக்க இம்புட்டு நாளா? நான் என்ன கடிச்சா வைக்கப்போறேன்?" கையைக் கூடக் கழுவாமல் பேனாவை வாங்கினார்.

இப்போதுதான் ஸ்கேன் செய்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில், அந்த மருந்தின் மயில்துத்த நீலத்தில் அப்பாவின் பெருவிரல், ரேகை ரேகையாக.

புரோகிராமை மூடினேன். வழக்கம்போல ஒன்றை டெம்பில் விட்டுவிட்டுப் போயிருந்தது.

"அழிச்சிரவா?" என்றாள் நிலோபர்.

"இருக்கட்டும். இப்பல்லாம் சாயங்காலம் சார் அணைப்பாகள்ல."