உன் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த கீறல்

அடியே,

நேற்று ஹட்டனில் ஒரு கீறலைப் பார்த்தேன். வெள்ளைப் பளிங்குத் துண்டு ஒன்றின் மேல், சோப்புக் கட்டியில் கத்தியை இழுத்த மாதிரி ஒரு கோடு. அதைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த சந்தியில் இறங்கி நடந்து வந்தேன். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்தது. மகள் என்னம்மா என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன். எனக்குத் தலை வலித்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் அத்தனைக்கும் தெரியும், அதனால் அவள் நம்பவில்லை.

நீ கண்ணை மூடி, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். உன் நினைவாக மகளுக்கு ஒரு பதக்கம் செய்து போடலாம் என்று நினைத்தேன். அந்தக் கல் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் எப்படி இருக்கும்! பெரிய நெல்லிக்காய் அளவில், இரண்டு பக்கமும் கூம்பி, புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்ததே, உன் தையல் மெஷின் மேல் கொண்டுவந்து வைத்தேனே, அதுதான். "பளிங்குதான். ஆனா அழகா இருக்கு, வீசிடாத," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாய். இத்தனை வருஷமும் சாமித் தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. நீ தொட்ட கல் என்பதால் அதையே தீட்டிக் கொடுக்கச் சொல்லி, ஹட்டனில் கல் பட்டை தீட்டும் முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா, அவரிடம் கொண்டுபோனேன்.

நானா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கல்லைத் தண்ணீரில் நனைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு பளிங்குத் துண்டை எடுத்து, அதன் மேல் என் கல்லால் ஒரு இழுப்பு இழுத்தார். கோடு விழுந்தது.

"தங்கச்சி, இது பளிங்குன்னு ஒங்களுக்கு ஆரு சொன்ன?"

"என் கூட்டாளி."

"அவவுக்குக் கல்லப் பத்தித் தெரியாதாக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! உன்னைப் போய்த் தெரியாது என்றால் விடுவேனா? "அவளுக்கா தெரியாது? கொழும்புப் பக்கம் கல்லு வெட்டுற பெக்டரியில எத்தன வருஷம் இருந்தவ தெரியுமா நானா? எங்க பக்கம் யாரு ஆத்துல கல்லு பொறுக்கினாலும் அவகிட்டதான் கொண்டாந்து காட்டுவாங்க. ஒரு நாளும் பிழையா சொன்னதில்ல!" என்று கடை அதிரக் கத்தினேன். நானா கல்லைத் துணியில் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"அப்ப அவ தெரிஞ்சிதான் சொல்லீக்கிறா," என்றார். "இது நீலக்கல்லு தங்கச்சி. நல்ல நீலம். கல்லத் தெரிஞ்ச ஆளுக்கு இது பளிங்காத் தெரியாது."

அடிப்பாவி!

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். நானா தண்ணீர் கொடுத்தார். உனக்காக வாதாடப் போய் உன் பொய்யை நானே நிரூபித்துவிட்டேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அந்த பெக்டரிக்குப் போனோம். வேலை நேரத்தில் வாய் ஓயவில்லை என்று என்னைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீ இருந்து கற்றுக்கொண்டாய். கல்யாணமாகி நம் பஜாரிலேயே தையல் கடை போட்டபோது, பிளவுஸ் தைக்க வந்தவர்களைவிடக் கல் காட்ட வந்தவர்கள்தான் அதிகம். லீவு நாளில் ஆற்றில் இறங்கி மண் அரிக்கும் பள்ளிக்கூட மாஸ்டர்மார், பஸ் கண்டக்டர், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது மண்ணில் எதையோ கண்டு மடியில் முடிந்துவைத்த ஆட்கள், எல்லாரும் பால்மா டின்னைக் கவிழ்த்து உன் முன்னால் கொட்டுவார்கள். நீ ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பாய். உள்ளங்கையில் தூக்கிப் பாரம் பார்ப்பாய். நனைத்து டோர்ச் அடிப்பாய். ஒரு பக்கம் நீலமாகவும் திருப்பினால் பச்சை அடித்தும் தெரிந்தால் இன்னொரு தரம் பார்ப்பாய். கடைசியாக, மெஷின் மேசையில் எப்போதும் கிடக்கும் அந்தப் பளிங்குத் துண்டில் ஒரு கீறு. "பளிங்குல கோடு போட்டாத்தான் மேல பேச்சு," என்பது உன் சட்டம். ஆற்றில் மலிவாகக் கிடைக்கும் அந்தப் பளிங்கைவிடக் கடினமான கல்தான் அதைக் கீறும்.

பெரும்பாலும் கோடு விழாது. "இது பளிங்கு. இது போத்தல் ஓடு. இதுவும் போத்தல் ஓடு. ஏன் மாஸ்டர், குடிச்சவன் ஒடச்சதையெல்லாம் பொறுக்கிட்டு வாறீங்க?" என்று சொல்லிக்கொண்டே வாசலில் தண்ணீர் ஓடும் கானில் வீசுவாய். மழை பெய்து விட்ட பிறகு உன் கடைக் கான் மட்டும் மினுங்கும். மாஸ்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார், அடுத்த லீவுக்குத் திரும்பவும் டின்னோடு வருவார்.

பிறகு உன் சின்னம்மாவின் லயத்தில் அது நடந்தது. அது வேறு தோட்டம். அங்கே ஒருவர் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஒரு கல்லைக் கண்டெடுத்து உன்னிடம் கொண்டுவந்தார். நீ நீலம் என்று சொன்னாய். அது நீலமேதான். அவர் சந்தோஷத்தில் எங்கே எடுத்தேன் என்பதையும் சேர்த்து எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அலவாங்கும் மண்வெட்டியுமாக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து மேட்டைக் குடைந்தார்கள். மழை தொடங்கியதும் மேடு அப்படியே சரிந்து லயத்தின் பின்காம்பரா அறைகளின் மேல் இறங்கியது. சின்னம்மா அடுப்படியில் இருந்தார்.

செத்த வீட்டில் நீ அழவில்லை. பீப்பாய்த் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கை கழுவிக்கொண்டே நின்றாய். "நான் சொன்ன ஒரே ஒரு வார்த்த புள்ள," என்றாய். "உண்மையத்தானே சொன்ன, நீ என்னா செய்வ?" என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு யார் கல்லைக் கொண்டுவந்தாலும் முதல் பேச்சு இதுதான்: "எங்க எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா நான் பாக்கவே மாட்டேன்."

அப்படிப்பட்டவளிடம் நான் எப்படி வந்தேன்? தீபாவளி நெருங்கிய நேரம், கடையில் நிற்க இடமில்லை. நான் வாசலிலேயே தொடங்கிவிட்டேன். "ஏய் புள்ள, எங்க காம்பராவுக்குப் பின்னால கான் வெட்டுறப்ப கெடச்சுச்சு, இந்தா பாரு!" பிளவுஸ் அளவு கொடுக்க வந்த பெண்கள், அவர்களோடு வந்த ஆம்பிளைகள், எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். உன் முகம் எப்படிப் போனது என்று அன்று நான் பார்க்கவில்லை. நேற்று நானா கடையில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

நீ கல்லைத் தூக்கிப் பார்த்தாய். நனைத்தாய். டோர்ச் அடித்தாய். பளிங்கில் கீறினாய். வெள்ளைத் தூளைக் கட்டைவிரலால் துடைத்தாய். துடைத்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. "பளிங்கு" என்று சொன்னபோதும், "அழகா இருக்கு" என்று சொன்னபோதும், பக்கத்தில் நின்றவளுக்குக் கை நீளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோதும் உன் கட்டைவிரல் அந்தத் துண்டை அழுத்திக்கொண்டே இருந்தது. ஊசி குத்திவிட்டதோ என்றுகூட நினைத்தேன். கண்ணால் பார்த்தேனடி! பார்த்துக்கொண்டே ஏமாந்திருக்கிறேன்.

யாருடைய பளிங்கையும் நீ திருப்பிக் கொடுத்ததில்லை, எல்லாம் கானுக்குத்தான் போகும். என்னுடையதை மட்டும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாய். அதையும் நான் நட்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு முதுகு போய் வேலை நின்றது. நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஏஜென்சி வேன் வந்து நின்றபோது நீ என்னைவிட அதிகமாக அழுதாய். பேச்சுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையை என் இடுப்பிலிருந்து பிரித்து வாங்கியவள் நீ. அந்த நேரம் அந்தக் கல் என் சாமித் தட்டில் இருந்தது. உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எப்படியடி முடிந்தது உன்னால்? அங்கே அந்த வீட்டு மாடிப்படியைத் துடைத்துத் துடைத்து என் முட்டி தேய்ந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய்?

என் பிள்ளையை நீ வளர்த்தாய், அதை மறக்கவில்லை. கடைக்கு மேல் மாடியில் உன்னோடு வைத்துக்கொண்டாய். மிச்சத் துணியிலெல்லாம் அவளுக்கு கவுன் தைத்தாய். நான் திரும்பி வந்தபோது அவள் உன்னை அம்மா என்றாள், என்னை "வெளிநாட்டு அம்மா" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அது வெட்கம் என்று நினைத்தேன். கடன் தீர்க்கிற மாதிரி வளர்த்தாயா, ஆசையில் வளர்த்தாயா என்று இனி யாரிடம் கேட்பது?

சரி, அன்று கடையில் அத்தனை பேர் இருந்தார்கள், சொல்ல முடியவில்லை. மறுநாள் காதோடு சொல்லியிருக்கலாமே? நேற்று முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் எனக்கே தெரியும். நீ முழுகாமல் இருப்பதை உன் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்துக்கே அறிவித்தவள் நான். காதோடு சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே, தண்ணீர் பிடிக்கப் பெண்கள் கூடும் பீலியில் சொல்லியிருப்பேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் அலவாங்கு வந்திருக்கும். மேட்டை ஒட்டிய எங்கள் பின்காம்பராவில்தான் பிள்ளையின் தொட்டில் கட்டியிருந்தது.

மேடு சரிந்திருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது, சரியாமலும் இருந்திருக்கலாம். நீ அதைச் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை, அவ்வளவுதான்.

நுவரெலியா பெரிய ஆசுபத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று, "அந்தக் கல்ல வச்சிருக்கியா?" என்று கேட்டாய். குரலே இல்லை உனக்கு. நான் வழக்கம்போல, "எந்தக் கல்லு? அந்தப் பளிங்கா?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். தாதி திரும்பிப் பார்த்தாள். நீ சிரித்தாய். "சரி விடு, வாய மூடு," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் உனக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டே யார் யாருக்குக் கல்யாணம் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுளே, அந்த நேரம் மட்டும் நான் சும்மா இருந்திருந்தால்!

நேற்று நான் தண்ணீர் குடித்து முடித்ததும் நானா அடுத்த கேள்வியைக் கேட்டார். "எங்கேந்து எடுத்தீங்க தங்கச்சி?" கடையில் கல் வாங்க வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் திறந்தேவிட்டது. பழக்கதோஷம். இடத்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"செத்துப்போன கூட்டாளி குடுத்தது நானா," என்றேன். "எங்க எடுத்தான்னு அவகிட்டத்தான் கேக்கணும்."

கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்று விடிந்ததும் லயத்துக்குப் பின்னால் போய் நின்று அந்த மேட்டைப் பார்த்தேன். மானாப்புல் முளைத்து மூடிக் கிடக்கிறது. கடைசிக் காம்பராவில் புதிதாகக் குடிவந்த பெண் பிள்ளைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்னக்கா இந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கோழியைத் தேடுகிறேன் என்றேன். என்னிடம் கோழியே இல்லை.

விற்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாங்குகிறவனும் எங்கே என்றுதான் கேட்பான், நானாவைப் போல அவன் விடமாட்டான். மகளிடம் நானாவுக்குச் சுகமில்லை, பதக்கம் பிந்தும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளில் எத்தனை பொய். நீ இத்தனை வருஷம் ஒரே பொய்யை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு எப்படி இருந்தாய் என்பதுதான் எனக்கு இப்போது பெரிய அதிர்ச்சி. எனக்கு ஒரு இரவே தாங்கவில்லை.

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது, அதனால்தான் உனக்கு எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர் இல்லை. பஜாரின் பெயர் இல்லை. தையல் கடை என்று எழுதிவிட்டேன், பரவாயில்லை, தையல் கடை இல்லாத பஜார் எங்கே இருக்கிறது? உன் பெயரை எழுதாமல் உனக்கு எழுதுவது என்ன கஷ்டம் தெரியுமா? பழக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் எழுதிவிட்டு, பேனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அடித்திருக்கிறேன்.

கீழே என் பெயரையும் போடப் போவதில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் நம்பியே இருக்கமாட்டாய்.