பதினேழாவது ஓட்டம்

அன்புள்ள குள்ளா,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்க இந்த முறை பயமாக இருக்கிறது. கப்பலுக்கு வரும் மின்னஞ்சலை முதலில் கேப்டன்தான் திறப்பார் என்று சொல்லியிருக்கிறாய். திறக்கட்டும். அவரும் படிக்கத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. ஆறடி வளர்ந்தவனை இன்னும் குள்ளன் என்று கூப்பிடுகிறாயே என்று நேற்றும் என்னைத் திட்டினாள். இனி நான் எழுதப்போவது எதுவும் அவளுக்குத் தெரியாது.

உன் கப்பலைக் கட்டுவதற்கு முன் அதன் சின்ன மாதிரியை எங்கள் ஆய்வுக்கூடத்து அலைத் தொட்டியில் ஓட்டிச் சோதித்தது என் அக்காதான் என்று அங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாயாமே, அந்தக் கதையின் மிச்சத்தைக் கேள். கடலில் அலை ஒரே அளவாக வராது. அதனால் தொட்டியிலும் சின்னதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாமல் அலைகளை எழுப்பி, கப்பலின் நடு உடம்பு எவ்வளவு வளைகிறது என்று நாற்பது ஓட்டம் அளந்தோம். இருபத்தைந்து வருடத்தில் அதன்மேல் விழக்கூடிய மிகப் பெரிய சுமையை அதை வைத்துத்தான் கணக்கிட்டேன். நீ நடக்கிற தளத்துத் தகட்டின் கனம் அந்தக் கணக்கில் வந்தது.

பதினேழாவது ஓட்டத்தில் மூன்று அலைகள் ஒன்றாகச் சேர்ந்து முகப்பில் அறைந்தன. திரையில் வளைவைக் காட்டும் கோடு உச்சிக்கே எகிறியது. மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் அடங்க இருபது நிமிடம் ஆகும். அன்றுதான் நீ கப்பல் படிப்புக்குக் கிளம்பினாய். உன்னை ரயிலேற்ற வர வேண்டும். ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி, அந்த ஓட்டத்தையே அடித்துவிட்டு ஓடி வந்தேன். அப்படியும் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தேன்.

போன வாரம், உன் கப்பலின் அச்சிலேயே கட்டிய இன்னொரு கப்பல், மேல்தளத்தில் சரக்கறை வாயின் மூலையில் ஒரு சாண் விரிசலோடு துறைமுகம் வந்து சேர்ந்தது. புதுக் கருவி மாட்டிப் பதினேழை நான்கு முறை ஓட்டினேன். நான்கு முறையும் கோடு அதே உச்சிக்குப் போனது. கருவியில் கோளாறே இல்லையடா. தப்பு என்னுடையது. உன் தளத்துத் தகடு இருக்க வேண்டியதைவிட மெலிசு.

மேலாளரிடம் சொன்னேன். “அறிக்கை போயாச்சு, இப்ப எதுக்கும்மா கிளறுறீங்க? வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க” என்றார். இருக்க முடியவில்லை. கப்பல் கம்பெனிக்கு நேரடியாக எழுதிவிட்டேன். வேலை போனால் போகட்டும். ஆனால் அவர்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் நீ நடுக்கடலுக்குப் போய்விடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்றே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சரக்கறை வாயின் நான்கு மூலைகளையும் பார். பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால்கூடக் கேப்டனிடம் சொல்லாமல் விடாதே. நான் வெறும் மூன்றாம் அதிகாரி, நான் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தயங்கி நிற்காதே.

கேப்டன் ஐயா, இருபது நிமிடம் பொறுக்காதவள் உங்களைக் கேட்கிறேன். எதிர் அலையில் வேகத்தைக் குறையுங்கள். நான்கு நாள் தாமதமானாலும் மெல்ல வாருங்கள்.

குள்ளா, நீ இறங்கும் நாளில் துறைமுகத்தில் முதல் ஆளாக வந்து நிற்பேன். எல்லோர் முன்னாலும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. திட்டுவதற்காவது வந்து சேரடா.

உன்
அக்கா