சேவியர், நீ எழுதி நான் வெட்டிய வரிகள்

என் சேவியருக்கு,

புதன்கிழமை ஒத்தக்கடைக்குப் போயிருந்தேன், உன் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு. உன் வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த மனையில் இரண்டு மாடி எழும்பிவிட்டது. உன் மொட்டைமாடியிலிருந்து இனி யானைமலை தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் உன் பிலோமினா ஒரு ஃபைலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நீ வடக்கே போனபோது எங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் வாராவாரம் வந்த உன் பயணக் கடிதங்கள். ஒன்றுவிடாமல் நறுக்கி ஒட்டியிருந்தார்.

"நாலு தடவ படிச்சுட்டேண்ணே. எந்த ஊர்ல பஸ்ஸு எம்புட்டு நேரம் நின்னுச்சுன்னு இருக்கு. சீட்டு நம்பர்கூட இருக்கு. இந்த மனுசன் ஊர் பாக்கப் போனாரா, கண்டக்டர் வேலைக்குப் போனாரா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கேட்டார்: "அம்பது நாளைக்கு மேல போயும் என் நெனப்பு ஒரு தடவகூட வரலையாண்ணே அவருக்கு?"

நான் தண்ணீர் கேட்டேன்.

நீ கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? பணி ஓய்வு பெற்ற மறுவாரம். ரயில் கூடாது, அரசுப் பேருந்து மட்டும், ஊருக்கு ஊர் மாறி மாறி, பனிமலை கண்ணில் படும்வரை. "முப்பத்தஞ்சு வருசம் பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சா எந்திரிச்சேன், பெல் அடிச்சா உக்காந்தேன். பெல் கேக்காத தூரத்துல நான் எப்படிப்பட்ட ஆளுன்னு பாக்கணும் மாப்ள" என்றாய்.

"கண்ணாடியில பாத்தாத் தெரியாதா? அதுக்கு எதுக்கு இமயமலை?" என்றார் பிலோமினா. உனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறினாய். வழியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பேச்சு: "எல்லாம் எழுதி அனுப்பியிருக்கேன். பேப்பர்ல படி."

எழுதத்தான் செய்தாய். நோட்டுத் தாளில், இரண்டு பக்கமும், நெருக்கி நெருக்கி. தபாலில் வந்த அந்தத் தாள்களில் நான் என் வேலையைக் காட்டினேன். செய்தியில் 'நான்' வரக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஊர், நேரம், தூரம் இருக்கலாம். நினைத்ததும் வருந்தியதும் கூடாது. அப்படிப்பட்ட வரிகளையெல்லாம் சிவப்பில் அடித்தேன். பக்கம் அச்சுக்குப் போனதும் உன் தாள்களைக் கிழித்துக் கூடையில் போட்டேன். முடிந்த பிரதி மேசையில் கிடந்தால் தவறுதலாக மறுபடி அச்சேறிவிடும் என்று பயந்த காலத்துப் பழக்கம், விடவில்லை.

தன்னைப் பார்க்கப் போன ஒருவனின் கடிதத்திலிருந்து அவனை மட்டும் எடுத்துவிட்டு, பஸ்ஸை அச்சிட்டிருக்கிறேன்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் படித்தாயே, ஏன் என் சட்டையைப் பிடிக்கவில்லை? "நல்லா வெட்டியிருக்க மாப்ள, ஒரு எழுத்துப்பிழை இல்ல" என்றாய். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிலோமினாவிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். வாயில் வராததால்தான் எழுதினாயா? ஒரு மாதத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. அவர் கையில் என் பிரதிதான் மிஞ்சியிருக்கிறது.

மூன்று நாளாக ஆனையூர் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறேன். என்றோ ஒரு கலெக்டர் மழைநிவாரணம் பற்றிச் சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வருகிறது. உன்னுடையது வரவில்லை. ஒன்றே ஒன்று வருகிறது, அதுவும் பாதி. நாக்பூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதியது: "பிலோமினாவிடம் ஒருநாளும் நான் கேட்காதது..." அதற்கு மேல் என் சிவப்புக் கோடுதான் தெரிகிறது. என்ன கேட்கவில்லை, சேவியர்? மன்னிப்பா? உனக்கும் எங்கேயாவது போக ஆசை உண்டா என்றா? சாப்பிட்டாயா என்றா?

கிளம்பும்போது பிலோமினா வாசல்வரை வந்தார். "உங்ககிட்டயாச்சும் தனியா ஏதாச்சும் எழுதியிருந்தாச் சொல்லுங்கண்ணே. பொய்யா இருந்தாலும் நம்பிக்கிறேன்."

"வாரேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வரியின் மிச்சத்தை எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை. உன் நடை தெரியும், உன் கையெழுத்தின் சாய்வுகூடத் தெரியும். நேற்று எழுதியும் பார்த்தேன். நன்றாக இருந்தது. பிலோமினா அழுதிருப்பார். கிழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்குப் போவேன். நீ எழுதினாய், நான் அடித்தேன் என்று சொல்வேன். அந்தப் பாதி வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். மிச்சம் எங்கே என்று கேட்பார். என்னிடம் இல்லை என்பேன். அவர் எவ்வளவு கெஞ்சினாலும் அதை நானாக முடித்துவைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மாப்ள,
பிலோமினாவுக்கு அண்ணன்,
முருகேசன்