வெள்ளிக்கிழமை வந்த சர்வேயர்

ஆம்பூர்
1937 நவம்பர் 14

ரங்கூன் மின்சாரக் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் அருமை மகன் ரஃபி அகமதுக்கு ஸலாம். ஆண்டவன் கிருபையில் நாங்கள் சுகம், உன் சுகத்தை எழுதியிருப்பாய் என்று உன் தாயார் தினமும் தபால்காரரை நிறுத்தி விசாரிக்கிறாள், அவருக்கும் பேஜாராகிவிட்டது.

நம் ஊருக்கும் மின்சாரம் வரப்போகிறதாம். சென்னைச் சட்டசபையில் மூன்று நாள் இதே பேச்சு. சர்க்கார்தான் நடத்த வேண்டும், கம்பெனியிடம் விட்டால் ஜனங்களை உறிஞ்சிவிடும் என்று ஒரு கட்சி. சர்க்கார் நடத்தினால் விளக்குப் போடுவதற்கும் மனுப் போட வேண்டியிருக்கும் என்று இன்னொரு கட்சி. அத்தனை சண்டையிலும், யார் நடத்தினாலும் வேண்டிய நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை. நம் ஊரில் அந்த நிலம், தோல் பதனிடும் நம் ஷாப்புக்குப் பின்னால் தோல் காயப்போடுகிற களம்தான் என்பது நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சர்வேயர் ஐயா வெள்ளிக்கிழமை பார்த்து வந்திருக்கிறார். இந்த ஊரில் எந்த வெள்ளிக்கிழமை தோல் ஷாப்பு திறந்திருக்கிறது, நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தேன். காவலுக்கு இருந்த கன்னியப்பன் மேஸ்திரி, நாளைக்கு வந்து பாருங்க சார், கால் வைக்க எடம் இருக்காது, அவ்ளோ ஜாஸ்தி தோல் காயும் என்று கெஞ்சினாராம். இன்னாய்யா, ஒரு தோலும் காணோமே என்று சொல்லிவிட்டு, உபயோகமில்லாத தரிசு என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் அவர் ஆபீசைப் போய்ப் பார்த்து அப்படியே எழுதியிருக்கலாம், எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

களம் போனால் ஊறின தோலை என் தலையில்தான் காயப்போட வேண்டும். முப்பது குடும்பத்துக்கு அடுப்பு அணைந்துவிடும், வீட்டில் விளக்கு மட்டும் பிரகாசமாக எரியும். உன் பாட்டனார் களத்தை உன் பெயருக்கு எழுதி வைத்ததால் ஆட்சேபணை மனுவில் நீதான் கையெழுத்துப் போட வேண்டுமாம், முப்பது நாள் கெடுவில் பத்து நாள் போய்விட்டது. மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். மின்சாரம் வந்தால் ஊர் முன்னேறும், குறுக்கே நிற்காதீர்கள் என்று போன கடிதத்தில் எனக்குப் புத்தி சொல்லியிருந்தாய். சட்டசபையில் பேசினவர்களும் அதைத்தான் சொன்னார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களில் ஒருவரும் என் பிள்ளை இல்லை.

மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனமும் தரட்டும். இரண்டு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும், மறக்காதே. தபால் வெள்ளிக்கிழமை வந்தாலும் வாங்க ஆள் இருக்கும், இப்போதெல்லாம் அன்றைக்கும் களத்தில் நாலு தோல் விரித்து நானே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
கலீமுல்லா