வலப்பக்கத்து மீன்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
3 அக்டோபர் 1934

அன்பு மகள் ரோசலினுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. மாதா கிருபையால் இங்கு சுகம்.

புக்கிட் மெர்தாஜாம் மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்துபோனார்கள். டாக்டர் படிப்புப் படித்தவரை போதும். கிறிஸ்துமஸுக்கு வந்ததும் பரிசம் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நம் பூனை துரைக்கு உடம்பு சரியில்லை. ஒரு மாதமாக இடப்பக்கமாகவே வட்டம் சுற்றுகிறான். சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறான். தட்டில் இடப்பக்கம் இருப்பதைத் தின்றுவிட்டு, வலப்பக்கத்து மீன் இருப்பதே தெரியாமல் போய்விடுகிறான். நேற்று வலிப்பு வேறு. "அடுத்த வீட்டு நோர்மாதான் என்னமோ வச்சிட்டா. அவ நெத்திலிய இவன் திருடுறான்லா!" என்று உன் அம்மா சண்டைக்கே போய்விட்டாள். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இப்படிக்கு,
அப்பா ஆரோக்கியநாதன்

சிங்கப்பூர்
9 அக்டோபர் 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

நோர்மா அக்கா மேல் பழி போடாதீர்கள். இது விஷமில்லை. இடப்பக்கமே சுற்றுகிறான், வலப்பக்கம் தெரியவில்லை, இந்தக் கிழ வயதில் முதன்முதலாக வலிப்பு. மூளையின் இடப்பக்கத்தில் கட்டி வளர்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு மருந்தில்லை அப்பா. எழுதும்போதே அழுகை வருகிறது. மீனை அவனுக்கு இடப்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள்.

அவன் போனபின் மிருக வைத்தியரைத் தலையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்ன இடத்தில் கட்டி இல்லாவிட்டால் பரிசம் போடுங்கள், வாய் திறக்க மாட்டேன். இருந்தால் என்னைப் படிக்க விடுங்கள்.

உங்கள் பிடிவாதக்கார மகள்,
ரோசலின்

ஆயர் ஈத்தாம்
2 நவம்பர் 1934

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததுமே அம்மா நோர்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை துரை நோர்மாவின் மடியில்தான் கண்மூடினான். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

அவனை நானே வைத்தியரிடம் தூக்கிப்போனேன். உள்ளதைச் சொல்கிறேன், கட்டி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். அவர் கத்தியை எடுத்ததும் என்னையறியாமல் வேண்டுதல் மாறிவிட்டது. இருக்க வேண்டுமே மாதாவே, என் பிள்ளை தோற்கக் கூடாதே என்று நின்றேன்.

இருந்ததம்மா. இடப்பக்கம், கொண்டைக்கடலை அளவு. "எப்படித் தெரிஞ்சது?" என்றார் வைத்தியர். "என் மகள் சொன்னது. பூனையைப் பார்க்காமலே, சிங்கப்பூர்லேருந்து!" என்றேன். பசாரில் இப்போது மீன்காரருக்குக்கூட இது தெரியும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வா. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் நானே எடுத்து வைக்கிறேன்.

உறையில் உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்று தெரியும். தபால்காரர் கேட்டால், அப்பா அவசரக்காரர் என்று சொல்.

இப்படிக்கு,
டாக்டர் ரோசலினின் அப்பா