குடைக்காரர் வீட்டு நாய்

மார்ச் 4

இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடு. கால் கடுக்கிறது. மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கிற வேலையில் பதினாறு வருஷம் இருந்தால் யாரையும் நம்பத் தோன்றாது. சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுக்கிற வீட்டில்தான் மீட்டரை ஓடவிடாமல் காந்தம் ஒட்டியிருக்கும்.

கடைசி வீடு குடைக்காரருடையது. வெயிலோ மழையோ, முகத்தை மறைத்துக் குடை பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர். ரீடிங் 6418. போன மாதம் நான் லீவு, வேறு ஆள் எடுத்தது, அதுவும் 6418. ஒரு யூனிட்கூட ஓடவில்லை. மீட்டருக்குக் கீழே சங்கிலியில் ஒரு கிழட்டு நாய். விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் முன்னால் கிண்ணம் நிறையச் சாப்பாடு இருந்தது.

வீட்டில் யாரும் இல்லையா என்று குடைக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். "நான் தினமும் அங்கதாம்மா தூங்கறேன்" என்றார். இந்தப் புழுக்கத்தில் ஃபேன் போடாமலா? கரண்ட் திருட்டுதான். சோதனைப் பிரிவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 7

மீட்டரில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியென்றால் அந்த வீட்டில் ஆளே இல்லை. தினமும் தூங்குகிறேன் என்றது பச்சைப் பொய். நாய் மட்டும் தனியாகக் கிடக்கிறது.

அவர் கரண்ட் திருடனாக இருந்திருந்தாலே தேவலை.

கிண்ணம் ஏன் நிறைந்திருக்கிறது? அக்கம்பக்கத்துக்குக் கண்துடைப்பா? அதில் எதையாவது கலந்து வைக்கிறாரா? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊரான் வீட்டு நாய்க்கு நீ என்ன சம்பந்தியா?" என்றார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே பயமாக இருக்கிறது. ஆனால் எங்கேயாவது எழுதியாக வேண்டும்.

லீவு நாளில் பேட்ஜை மாட்டிக்கொண்டு போனேன். "மீட்டரை மறுபடி பார்க்கணும்" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் புளுகிவிட்டுக் கேட்டைத் திறந்தேன். எந்த உத்தரவும் கிடையாது. ரீடிங் நாளில் அந்தக் கேட் எனக்குத் திறக்கும். மற்ற நாளில் நான் அத்துமீறி நுழைந்தவள்.

கழுத்துப் பட்டைக்குக் கீழே புண். கிண்ணத்தில் எறும்பு. போட்டோ எடுத்தேன். நாய் குரைக்கவே இல்லை, வாலையும் ஆட்டவில்லை.

தையல்காரம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருவாரு. கிண்ணத்தில கொட்டுவாரு. திரும்பிக்கூடப் பாக்காம ஓடிடுவாரு."

சங்கிலியின் கொக்கி என் விரலில்தான் இருந்தது. கழற்ற அரை நொடி போதும். கழற்றினால் நான் திருடி. அவர் பட்டினி போட்டால் அது அவர் வீட்டு விஷயம். இது என்ன நியாயம்? கழற்றாமல்தான் வந்தேன். கோழை.

மார்ச் 11

விலங்கு நல அலுவலகத்தில் இருக்கிற அம்மா நல்லவராகத்தான் தெரிகிறார். (தெரிகிறார், அவ்வளவுதான்.) "யாராவது எழுதிக் குடுத்தாதான் நாங்க உள்ள போக முடியும். வீட்ல ஆளில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மீட்டர் சொல்லிற்று என்றேன். அதையே எழுதித் தரச் சொன்னார்.

எங்கள் மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன். பேனாவைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "மீட்டர் சொல்றது ஆபீசுக்கு மட்டும். இன்னைக்கு நாய்க்காகச் சொல்லுவீங்க. நாளைக்கு எந்த வீடு பூட்டிக் கிடக்குன்னு திருடன் கேட்டா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 12

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 14

காலையில் நாயை மீட்டார்கள். மதியம் எனக்கு மெமோ வந்தது. இனி வெளிவேலை கிடையாது, விசாரணை முடியும்வரை ஆபீசில் கோப்பு அடுக்க வேண்டும்.

அது போகட்டும். நாயை நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். முடியாதாம். தீர்ப்பு வரும்வரை அது வழக்குச் சொத்தாம், காப்பகத்தில் கூண்டில்தான் இருக்க வேண்டுமாம். எதிலிருந்து எதற்கு மீட்டோம்? சங்கிலிக்குப் பதில் கம்பி.

மார்ச் 30

காப்பகத்துக்குப் போனேன். பார்வையாளர் பெஞ்சில் யார்? குடைக்காரர். மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடை இல்லாத முகம் சின்னதாக இருந்தது. சாட்சியைக் கலைக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். எழுந்து போகலாமென்று பார்த்தால் வேறு பெஞ்சும் இல்லை.

அவரே பேசினார். மனைவி ஜனவரியில் இறந்துவிட்டாராம். குட்டிம்மா என்று பேர் வைத்து நாயை வளர்த்தது அந்தம்மாதானாம். "வீட்டைப் பூட்டிப் போட்டுறாதீங்க, குட்டிம்மாவைத் தனியா விட்டுறாதீங்கன்னு சொல்லிட்டுப் போனா. என்னால அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியலம்மா. அக்கா வீட்ல இருக்கேன். கேக்கறவங்க கிட்டல்லாம் அங்கதான் தூங்கறேன்னு சொல்லிட்டேன்."

"கிண்ணம் நிறைய இருந்துதே, ஏன் சாப்பிடல?"

"பக்கத்தில யாராவது உக்காந்தாதான் அது சாப்பிடும். அவ பழக்கிவிட்டுட்டா. எனக்கு அங்க ஒரு நிமிஷம் உக்கார முடியல."

தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தே! திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர், "என்கிட்ட வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா" என்றார்.

கேட்கவே இல்லை. கரண்ட் திருடனா என்று பார்த்தேன், விஷம் வைக்கிறாரா என்று பார்த்தேன். ஆளைக் கூப்பிட்டு நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோணலையே எனக்கு!

நாயைக் கூட்டி வந்தார்கள். என்னைத் தாண்டிப் போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது. வேலையைப் பணயம் வைத்தது நான். தலை அவர் மடியில். அவர் அழுதார். அழுகையும் வக்கீல் சொல்லிக் கொடுத்ததாக இருக்கலாம்.

ஏப்ரல் 8

நினைத்தது சரி. பெரிய வக்கீலைப் பிடித்திருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை நுழைந்தது அத்துமீறல், போட்டோ செல்லாது, வழக்கே நிற்காது என்கிறாராம் வக்கீல். ஜெயித்துவிடுவார்களாம், ஆனால் ஒரு வருஷம் ஆகலாம். பசுத்தோல் போர்த்திய புலி. பெஞ்சில் உட்கார்ந்து கதை சொன்னாரே.

நாய் காப்பகத்திலும் சாப்பிடவில்லை. கூண்டுக்குள் யாரும் உட்காரக் கூடாது என்பது விதி. ஊசியில்தான் ஓட்டுகிறார்கள். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று அலுவலக அம்மாவிடம் கெஞ்சினேன். "புகார்தான் உங்களோடது. வழக்கு அரசாங்கத்தோடது" என்றார்.

ஒரு வருஷம் அது தாங்காது. நான்தான் கொண்டுபோய் அடைத்தேன்.

ஏப்ரல் 15

எனக்கு நாய் வேண்டுமா, என் சந்தேகம் சரி என்று யாராவது சொல்ல வேண்டுமா? தெரியவில்லை.

ஏப்ரல் 22

கோர்ட்டில் என்னைக் கிழிக்கப்போகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். என்னைக் கூப்பிடவே இல்லை.

நீதிபதி குற்றச்சாட்டைப் படித்தார். ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வக்கீல் எழுந்தார். குடைக்காரர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"ஆமாங்கய்யா. பட்டினி போட்டது நான்தான்."

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அபராதம். ஐந்து வருஷத்துக்கு எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது. நாய் என் பொறுப்பில்.

வராந்தாவில் அவரை மடக்கினேன். "ஜெயிச்சிருவோம்னு வக்கீல் சொன்னாராமே. அப்புறம் ஏன்?"

"ஜெயிக்க ஒரு வருஷம் ஆகும்னாரு" என்றார். "அதுக்கு வயசு பதினொண்ணு."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

ஏப்ரல் 27

கோர்ட் எழுத்தரிடம் போனில் விசாரித்தேன். உத்தரவில் வளர்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறதாம். வந்து பார்க்கக் கூடாது என்று இல்லையாம். இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பிறகு குடைக்காரரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் வரச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார்.