வாசலில் ஒரு வார்த்தை

கோவில்பட்டி
11.6.2006

பிரியமுள்ள மாப்பிள்ளை பாண்டியராஜனுக்கு,

மச்சான் முத்துகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். அங்கே என் தங்கச்சி இசக்கிச்செல்வியும் மருமகன் பூவனநாதனும் சுகமாக இருப்பார்கள். நீங்கள் கோபமாக இருப்பீர்கள். நான் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துவிட்டீர்கள் என்று இசக்கிச்செல்வி சொன்னாள். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். தபாலில் வருவதை அப்படி அழிக்க முடியாது. கூடவே சாத்தூர் காராச்சேவு அரைக் கிலோ இருப்பதால் பார்சலைப் பிரிக்காமல் இருக்கவும் உங்களால் முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் நிரல்சாவடி இணையப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு நீங்கள் எழுத முடியாதபடி தடை போட்டது நான்தான். ஏதோ கோளாறு என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்தச் சாவடி நம் இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை. உங்கள் மறுவீட்டு விருந்தில், இலையில் சாம்பார் காய்ந்து போகும்வரை நீங்களும் நானும் கம்ப்யூட்டர் பேசிக்கொண்டிருந்ததை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். கம்ப்யூட்டர் நிரல் எழுதப் பழகுகிற நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழிலேயே சந்தேகம் கேட்க இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்று அன்று சொன்னது நீங்கள். இன்று எழுநூறு பேர் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் உங்கள் பதில்களைப் படித்துத்தான் வேலைக்கே போனார்கள். இதையெல்லாம் நான் மறந்துவிடவில்லை.

ஆனால் போன வாரம் புதியம்புத்தூரிலிருந்து வெயிலம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். அளவு வாரியாகச் சட்டைகளைக் கூட்டிச் சொல்லும் சின்ன நிரல் ஒன்றை எழுதியிருக்கிறாள். எப்படிப் போட்டாலும் கடைசி அளவு மட்டும் விட்டுப் போகிறது, ஏன் என்று கேட்டாள். அதற்கு நீங்கள் எழுதியது: "இது நூறு தடவை பதில் சொன்ன கேள்வி. தேடிப் பார்க்கத் தெரியாதவர்கள் நிரல் எழுத வர வேண்டாம். தையல் வேலையையே பார்க்கலாம்."

மறுநாள் காலையில் அவள் தன் கேள்வியைத் தானே அழித்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பி ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இதற்கு முன் இரண்டு தடவை உங்களிடம் தனியாகச் சொன்னேன். சிரித்தீர்கள். இந்தத் தடவை என்னால் சிரிக்க முடியவில்லை.

காராச்சேவை மருமகனுக்குக் கொடுக்க வேண்டாம், காரம் அதிகம்.

அன்புடன்
முத்துகிருஷ்ணன்


பெங்களூர்
18.6.2006

மச்சான் முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு,

காராச்சேவு கிடைத்தது. நன்றாக இருந்தது. கடிதமும் கிடைத்தது.

ஆபீஸில் மாடாக உழைத்துவிட்டு வந்து, பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்காமல் அந்தச் சாவடியில் உட்கார்ந்து பதில் எழுதியவன் நான். யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பக்கத்தின் உச்சியில் தேடுவதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. கோபம் வராமல் கொஞ்சவா தோன்றும்? கண்டிப்பு இருக்கிற இடத்தில்தான் தரம் இருக்கும். உங்களுக்குக் கூட்டம் வேண்டும், எனக்குத் தரம் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் பார்த்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பதில் எழுதுகிறவர் "வாங்க" என்ற வார்த்தையோடுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறீர்கள். நாம் நடத்துவது என்ன ஜவுளிக் கடையா? அடுத்து கலர் சோடா குடித்துவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று விதி வருமா?

மாப்பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்திய குடும்பம் அந்த வட்டாரத்திலேயே உங்களுடையதாகத்தான் இருக்கும். ஆவணியில் பூவனுக்குக் கழுகுமலையில் மொட்டை போட்டுக் காது குத்துவதாகப் பேசியிருந்தோம். அதைப் பெங்களூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இங்கேயும் முருகன் கோயில் இருக்கிறது. தாய்மாமன் மடி இல்லாவிட்டால் காதில் ஓட்டை விழாதா என்ன.

இப்படிக்கு
பாண்டியராஜன்


கோவில்பட்டி
26.6.2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் இன்றைக்கே பெட்டி கட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றிருப்பாள்.

காதுகுத்து பற்றி எழுதியது எனக்கு வலித்தது. மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி, ஒரே மருமகன். அவன் என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழ வேண்டும், நான் அவன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும் என்று அவன் பிறந்த அன்றே ஆசைப்பட்டாயிற்று. கடுக்கனுக்கு ஆசாரியிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். நீங்கள் எங்கே குத்தினாலும் கடுக்கன் வந்து சேரும். அதற்கும் தடைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த மடிக்காகத் தடையை எடுக்க என்னால் முடியாது மாப்பிள்ளை. எடுத்தால் வெயிலம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அவளுக்குத் தனியாக எழுதினேன். திரும்ப வரச் சொன்னேன். அவள் போனில் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் கேட்டது தப்பா அண்ணாச்சி?"

ஜவுளிக் கடையா என்று கேட்டீர்கள். உங்கள் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் நின்று போய் நான் டீசலுக்கு ஓடிய நேரத்தில் உங்கள் பெரியப்பா சங்கரபாண்டி வந்தார். வாசலில் யாரும் "வாங்க" என்று கேட்கவில்லை. கை நனைக்காமல் திரும்பிப் போய்விட்டார். இரண்டு கூட்டு, மூன்று பாயசம் போட்டிருந்தோம், ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. நான் தாம்பூலத்தட்டோடு கயத்தாற்றுக்குப் போய் அவரை அழைக்கிறவரை நீங்களும் எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சோறு எங்க வீட்டுலயும் இருக்கு மச்சான். வாசல்ல ஒரு வார்த்தை கேக்கணும்லா."

உங்கள் பதில்கள் ஒவ்வொன்றும் விருந்துச் சாப்பாடு. அப்படி எழுத எனக்கு வராது. ஆனால் வாசலில் ஒரு வார்த்தை இல்லை. வந்தவர்கள் பசியோடே திரும்பிப் போகிறார்கள்.

அன்புடன்
முத்துகிருஷ்ணன்


பெங்களூர்
9.7.2006

மச்சான் அவர்களுக்கு,

பெரியப்பாவை இழுத்தது அழுகுணி ஆட்டம். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இது வேறு விஷயம். முதலில் உங்கள் தங்கச்சியைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள். தடையைப் பற்றி அவளிடம் நியாயம் கேட்டேன். அப்படி என்னதான் எழுதினீர்கள் என்றாள். படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். என் பக்கம்தான் பேசுவாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலையில் என் நீலச் சட்டை எங்கே என்று கேட்டேன். "இது போன வாரமே பதில் சொன்ன கேள்வி. தேடிப் பாருங்க" என்றாள். குழம்பில் உப்பு குறைகிறதே என்றேன். "சமைக்கத் தெரியாதவிய சமையலைப் பத்திப் பேச வர வேண்டாம். ஆபீஸ் வேலையையே பாக்கலாம்" என்றாள். பிள்ளை ஏன் அழுகிறான் என்று கேட்டேன். கேள்வி தெளிவாக இல்லையாம். எப்போதிருந்து அழுகிறான், அதற்கு முன்னால் நான் அவனை என்ன செய்தேன், வேறு என்னென்ன முயற்சி செய்து பார்த்தேன் என்று எல்லாம் சொன்னால்தான் பதிலாம். பிள்ளை பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கிறான்.

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சாவி எங்கே என்று கேட்கப் பயந்து நேற்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

நான் எழுத முடியாதே தவிர, சாவடியைப் படிக்க முடிகிறது. கேள்விகள் பதில் இல்லாமல் கிடக்கின்றன. உங்கள் "வாங்க"வை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நாலு நல்ல பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிவிடலாம். உண்மையான மண்டு ஒருவன் வரட்டும். கேட்டதையே கேட்கட்டும். உங்கள் மரியாதை எத்தனை கேள்விக்குத் தாங்குகிறது என்று அப்போது பார்ப்போம்.

பூவனுக்குப் பல் முளைக்கிறது. ஜுரம் ஒன்றும் இல்லை.

பாண்டியராஜன்


கோவில்பட்டி
20.7.2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் வைத்துப் படித்துவிட்டேன். படிக்க வந்த பிள்ளைகள் சாருக்கு என்ன ஆயிற்று என்று எழுந்து வந்து பார்த்தார்கள். தங்கச்சியைக் கண்டிக்க என்னால் ஆகாது. சின்ன வயதிலேயே முயற்சி செய்து விட்டுவிட்டேன்.

நீங்கள் இல்லாமல் சாவடி திணறுகிறது என்பது உண்மைதான். பாண்டியராஜன் அண்ணாச்சி எங்கே என்று வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். ஒருவன் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டி, கழுகுமலையில் அர்ச்சனை செய்துவிட்டதாக எழுதியிருந்தான். வசவு வாங்கியவர்களும் தேடுகிறார்கள், அதுதான் எனக்கே ஆச்சரியம்.

வெயிலம்மாள் திரும்பி வந்துவிட்டாள். கடைசி அளவைத் தொடுவதற்கு முன்பே அவள் நிரல் எண்ணுவதை நிறுத்திவிடுகிறது என்று காட்டிக் கொடுத்தேன். இப்போது அவளே புதியவர்களுக்குப் பதில் சொல்கிறாள்.

நீங்கள் கேட்ட மண்டுவும் வந்து சேர்ந்தார். பெயர் சோலைமுத்து. கயத்தாற்றில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறாராம். என்ன கேள்விகள் மாப்பிள்ளை. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அதையே கவிழ்த்துப் போட்டுத் திரும்பக் கேட்கிறார். நானே ஒரு கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டை விட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். வெயிலம்மாள்தான் விடாமல் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் சோலைமுத்து நன்றி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிகிறது.

சாவடிக்கு யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பது நிர்வாகிக்குத் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதை அமைத்ததே நீங்கள்தான். கயத்தாறு லாரி ஆபீஸ் எப்போது பெங்களூருக்குக் குடிபோனது என்பது மட்டும்தான் எனக்குப் பிடிபடவில்லை.

அன்புடன்
முத்துகிருஷ்ணன்


பெங்களூர்
2.8.2006

வாங்க மச்சான்,

இந்த வார்த்தையை எழுதுவதற்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததுதான் வெட்கமாக இருக்கிறது.

சோலைமுத்து நான்தான். உங்கள் சாவடிக்காரர்களுக்குக் கோபம் வரவழைத்து, வந்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று திட்டம். வேண்டுமென்றே கேட்டதையே கேட்டேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியையும், அவளிடமே, புத்தி இல்லாதவன் மாதிரி நான்கு தடவை கேட்டேன். இப்போது வைவாள், இப்போது வைவாள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதினாள்: "கூச்சப்படாம கேளுங்க அண்ணாச்சி. நானும் முதல்ல இதத்தான் கேட்டேன். ஒரு அண்ணாச்சி வஞ்சிட்டாவ. அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்லா, உங்கள அப்படி விட மாட்டேன்."

என் பெயரைச் சொல்லி எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை மச்சான். "ஒரு அண்ணாச்சி" என்று எழுதியிருந்தாள். நன்றி என்று அடித்துவிட்டு மூடிவிட்டேன்.

உங்கள் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீலச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் அவளே ஒளித்து வைத்திருந்தாள்.

ஆவணி இரண்டாம் ஞாயிறு, கழுகுமலை. காலையில் மொட்டை, அப்புறம் உங்கள் மடி. மருமகன் இப்போது நல்ல கனம், நன்றாக உதைக்கவும் செய்கிறான், தயாராக வாருங்கள். அத்தையிடம் சொல்லிவிடுங்கள், முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான், நானும் இசக்கியும் பிள்ளையோடு நேரில் கொண்டுவருகிறோம். அங்கிருந்து புதியம்புத்தூருக்கு ஒரு பத்திரிகை போக வேண்டும். அதற்கும் நானே போகிறேன். எந்த அண்ணாச்சி என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பத்திரிகையை நீட்டப் போகிறேன். அவள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அது அவள் இஷ்டம். காதுகுத்து அன்றைக்கு மண்டப வாசலில் நிற்கப் போவது நான். ஜெனரேட்டர் நின்றாலும் நான் நகரமாட்டேன். பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு கோரிக்கை. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு இளகிப் போய் என் தடையை எடுத்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். எடுக்க வேண்டாம். இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி, முழுவதும் இருந்துவிட்டே வருகிறேன். முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டு, அதைத்தான் முதலில் எழுதுவேன். எழுதிவிட்டு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன்.

யாராவது "வாங்க" என்று சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

என்றும் உங்கள்
சோலைமுத்து என்கிற
பாண்டியராஜன்